பாவு விரிய ஒரு தெரு வேண்டும்

(கைத்தறி நாளையொட்டித் திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உள்ளே வருவதற்கு முன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். ஆண்களில் பாதிப் பேர் கரைவேட்டி கட்டி வந்திருக்கிறீர்கள். பெண்களில் பலர் ஜரிகைக்கரை போட்ட கசவுச் சேலை. ஓணம் நெருங்குகிற நாள், இந்த ஊரில் இது வழக்கமான காட்சிதான். ஆனாலும் ஒவ்வொரு கரையையும் பார்க்கும்போது என் மனத்தில் மூன்று கேள்விகள் எழும். இதை நெய்தது யார்? அவருக்கு நெசவு சொல்லிக்கொடுத்தது யார்? அவர் தறியை விட்டு எழுந்த பிறகு அந்தத் தறிக்குழியில் இறங்கி உட்காரப் போவது யார்? முதல் இரண்டுக்கும் எப்படியாவது பதில் கிடைத்துவிடுகிறது. மூன்றாவதுக்குப் பதில் இல்லாத வீடுகளைத்தான் இப்போது நிறையப் பார்க்கிறேன்.

‘ஜவுளித் தொழிலுக்குத் திறன்மிக்க தொழிலாளர்களை உருவாக்குதல்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டு பேசக்கூடிய தலைப்பு. நான் இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, நாகர்கோவில் போகும் சாலையில் இறங்கி, அங்கே நின்றுகொண்டு பேச விரும்புகிறேன். பாலராமபுரத்தைச் சொல்கிறேன்.

திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்டவர் பாலராம வர்மா. திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில் எழுந்த அந்த ஊருக்கு மன்னர் பெயரையே வைத்தார்கள். நெல்லைச் சீமையில் வள்ளியூர்ப் பக்கமிருந்து சாலியர் என்னும் நெசவாளர் குடும்பங்களை அழைத்துவந்து குடியேற்றினார்கள். முதலில் வந்தது ஏழு குடும்பம் என்று தெருவில் சொல்வார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அந்தக் குடியிருப்பு இன்றும் நிற்கிறது. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம் என்று இரண்டு நூற்றாண்டு ஓடிவிட்டது.

ஒரு வட்டாரத்துக்குத் தேர்ந்த தொழிலாளர்கள் வேண்டும் என்று ஓர் அரசு நினைத்தபோது என்ன செய்தது என்பதை இந்தக் கதையில் கவனிக்க வேண்டும். தனித்தனி ஆளாக யாரையும் அழைத்துவரவில்லை. குடும்பங்களை அழைத்துவந்தது. குடியிருக்க இடம் கொடுத்தது. நெய்த துணியை வாங்குவதற்கு அரண்மனை இருந்தது. தொழிலைக் கற்பிக்கும் வேலை தனியாக யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. வீடும் தெருவும் வாங்குபவரும் இருந்ததால், கற்பித்தல் தானாக நடந்தது. இன்றைக்கு நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதுதான் என் வருத்தம். முதலில் வகுப்பைத் தொடங்குகிறோம். வீடு, கூலி, வாங்குபவர் எல்லாம் பிறகு எப்படியாவது வந்து சேரும் என்று நம்புகிறோம்.

தெரு எப்படிக் கற்றுக்கொடுக்கும் என்று கேட்பீர்கள். என் தாத்தா இரணியல்காரர், அவரும் நெசவாளர்தான். இரணியலும் கோட்டாறும் வடசேரியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின் திருக்கொச்சியோடும் இருந்த ஊர்கள் என்பதால், இங்குள்ள நெசவும் அங்குள்ள நெசவும் எங்களுக்கு ஒரே தொழில். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால், இருட்டு விலகுவதற்கு முன்பே தெருவில் ஆள் சத்தம் கேட்கும். பாவாற்ற, அதாவது துணியின் நீளவாட்டு இழைகளுக்குக் கஞ்சி போட, போகிறார்கள் என்று அர்த்தம். வெயில் ஏறினால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து இழை முறுகிவிடும், அதனால் விடியலிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

தெரு நீளத்துக்குப் பாவு விரியும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், நடுநடுவே குச்சி கோத்துத் தாங்குகட்டைமேல் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். அரிசிக் கஞ்சியைத் தடவிக்கொண்டு ஒருவர் போவார். பின்னாலேயே நீளமான பிரஷைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர், பாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஒருவர் கை அழுந்தினால் மற்றவர் பக்கம் இழை தளரும். பேசிக்கொள்ளவே மாட்டார்கள். கடைசியில் தேங்காயெண்ணெய்ப் பூச்சு. சிறுவர்களான எங்களுக்கு ஒரே வேலைதான், எங்கே இழை அறுகிறது என்று பார்த்துச் சொல்வது. அறுந்த இழையைப் பெரியவர் ஒருவர் வந்து விரல் நுனியில் திரித்து ஒட்டுவார். நாங்கள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்போம். நாலு வருடம் அப்படிப் பார்த்தவனுக்கு ஐந்தாம் வருடம், “இன்றைக்கு நீ ஒட்டு” என்ற உத்தரவு வரும்.

எந்தப் பாடத்திட்டமும் இதை எழுதி வைத்ததில்லை. ஆனால் ஏழெட்டுப் பேர் ஒரே நூலில் கை வைத்து நிற்கும்போது, ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் வேலை தெரிந்துவிடுகிறது. பாலராமபுரத்தின் மெல்லிய துணிக்குப் பெயர் வந்ததற்கு இந்தக் கஞ்சிப் பக்குவமும் ஒரு காரணம். குழித்தறியில், கையால் நாடாவை எறிந்து நெய்கிற பழைய முறை. கசவுக்கரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். 2009-10இல் ‘பாலராமபுரம் சேலைகளும் மெல்லிய பருத்தித் துணிகளும்’ என்று புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரை யாரும் திருடாமல் அந்தச் சட்டம் பார்த்துக்கொள்ளும். பாவாற்றுகிறவருக்குப் பின் இன்னொருவரை அது கொண்டுவந்து நிறுத்தாது, அதற்கு வேறு வழி வேண்டும்.

‘நெசவாளர் பயிற்சி’ என்று சொல்லும்போதே ஒரு பிழை நேர்ந்துவிடுகிறது. நெசவாளர் தனி ஆள் இல்லை. அவருக்கு முன்னால் கண்டு போடுகிறவர், தார் சுற்றுகிறவர், பாவு ஓட்டுகிறவர், கஞ்சி போடுகிறவர், அச்சுக் கட்டுகிறவர், விழுது கட்டுகிறவர் என்று ஒரு வரிசையே இருக்கிறது. பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழை ஒன்றைச் சேர்த்துத் திரிக்க வேண்டும். அங்குலத்துக்கு 80 இழை என்று வைத்துக்கொண்டால், 50 அங்குல அகலத்துக்கு 4000 இழை, 4000 முறை விரலைத் திரிப்பது. சாம்பலை விரலில் தொட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு, பெரும்பாலும் பெண்கள்தான் செய்வார்கள். ஓர் இழை மாறிப்போனாலும் துணியில் கோடு விழும். இந்தப் பிணைக்கும் வேலைக்குச் சான்றிதழ் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு தெருவில் அதைச் செய்கிற இரண்டு பேர் படுத்துவிட்டால் பத்துத் தறி நிற்கும். அச்சுக் கட்டுகிறவர் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு சொல்கிறேனே, பழைய தெரு சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளிக்கூடம் சாதிக்குள் மூடிக் கிடந்தது. அடுத்த தெருக்காரர் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. என் பாட்டி ஆயுள் முழுவதும் தார் சுற்றினார், பிணைத்தார், கஞ்சி காய்ச்சினார். அவர் பெயரில் ஒரு நாள் கூலிகூட எழுதப்பட்டதில்லை, எல்லாம் தாத்தாவின் நெசவுக் கூலிக்குள் அடக்கம். பிறகு கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1961இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மாநிலக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமான ஹான்டெக்ஸ் உருவானது. பல சமூகத்தாரும் தறிக்கு வந்தார்கள், பெண்கள் குழியில் இறங்கி உட்கார்ந்தார்கள். நாடு முழுவதும் இன்று கைத்தறியில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அந்தக் கதவு திறந்தது மகத்தான விஷயம். ஆனால் கதவு திறந்த சமயத்தில்தான் உள்ளே இருந்த கூலி தேய்ந்துகொண்டிருந்தது.

வட கேரளத்தில் கதை வேறு மாதிரி நடந்தது. மங்களூரில் பாசல் மிஷன் 1844இல் நெசவைத் தொடங்கியது. 1851இல் ஹாலர் என்ற ஜெர்மானிய நெசவு வல்லுநர் வந்து, ஐரோப்பியச் சட்டத்தறிகளைக் கொண்டுவந்தார். சாயக்கூடம் அமைத்தார். காக்கிச் சாயம் அங்கேதான் பிறந்தது என்பார்கள். மறு ஆண்டு கண்ணூரிலும் நெசவுச்சாலை வந்தது. மதம் மாறியதால் பழைய பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியது அந்த முயற்சி. தறியில் முன்பின் உட்கார்ந்து பழகாதவர்கள், மணி அடித்தால் வேலை தொடங்கி, மணி அடித்தால் நிறுத்துகிற ஆலைத் தொழிலாளர்களாக ஆனார்கள். அங்கே கற்ற நெசவு அந்தச் சுவருக்குள் நிற்கவில்லை. கண்ணூர்ப் பக்கமெங்கும் தறிக்கூடங்கள் முளைத்தன, கண்ணூர்த் துணி உலகம் சுற்றியது.

இதே ஆலை முறையைச் சேலத்தில் செய்துபார்த்தார் சென்னை அரசின் தொழில்துறையைக் கவனித்த ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்ற நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் அவை. கையால் எறியும் நாடாவுக்குப் பதிலாக விசைநாடா, ஒரே கூரைக்குள் தறிகள், ஒழுங்கான கூலி என்று எல்லாம் இருந்தும் நெசவாளர்களை ஆலைக்கு வரவழைப்பதே பாடாகிவிட்டது. வீட்டுத் தறியில் மனைவியும் பிள்ளைகளும் கூட நிற்பார்கள், தனக்கு வேண்டிய நேரம் எழுந்துகொள்ளலாம். அதை விட்டுவிட்டு மணிக்குக் கட்டுப்பட அவர்கள் தயாராக இல்லை. ஒரே தொழில்தான், இரண்டு ஊர், இரண்டு விளைவு. கண்ணூரில் நடந்ததை அப்படியே தூக்கிப் பாலராமபுரத்தில் வைக்கலாம் என்று யாராவது திட்டம் போட்டால் எனக்குச் சேலம் நினைவுக்கு வந்துவிடும்.

திறன் வளர்ப்பில் பணம் போட்டவர்களைப் பற்றிப் பேசும்போது அழகப்பச் செட்டியாரை விட்டுவிட முடியாது. திருச்சூருக்குப் பக்கத்தில் ஆம்பல்லூரில் பஞ்சாலை வைத்தவர். அந்த இடம் இன்றும் அழகப்பநகர்தான். அதே மனிதர் கொடுத்த கொடையில்தான் 1944இல் சென்னையில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. ஜவுளித் தொழில்நுட்பம் அதன் முதல் பாடங்களில் ஒன்று. அங்கே படிக்கிற பிள்ளை தன் ஆலைக்குத்தான் வர வேண்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை. இந்த மனப்பான்மைக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன். ஏனென்றால் இன்று எந்த ஆடைத் தொழிற்சாலை முதலாளியிடம் பேசினாலும் முதல் புகார் ஒன்றுதான்: “நாங்கள் பழக்கிவிடுகிறோம் சார், ஆறு மாதத்தில் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள்.”

அவர்களுக்கு நான் வங்கதேசத்துக் கதையைச் சொல்வேன். 1979இல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் தன் ஆட்கள் 130 பேரைக் கொரியாவின் பூசான் நகருக்கு அனுப்பியது. தேவூ நிறுவனத்தின் ஆலையில் ஆறு மாதம் பயிற்சி. வெட்டுவது, தைப்பது, தரம் பார்ப்பது, வங்கிக் கடன் கடிதம் வைத்து ஏற்றுமதி செய்வது வரை எல்லாமே கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டுப் போய்விட்டார்கள். சிலர் மற்ற ஆலைகளுக்கு, சிலர் சொந்த ஆலைக்கு. தேஷ் முதலாளிக்கு அது வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஏழை நாட்டின் ஆடை ஏற்றுமதி முழுவதற்கும் விதை அந்த 115 பேர் கையில்தான் போனது. ஒரு கம்பெனியின் கணக்கில் நஷ்டமாகத் தெரிவது வட்டாரத்தின் கணக்கில் வரவாக இருக்கலாம். அதனால்தான் பயிற்சிச் செலவைத் தனி முதலாளி தலையில் முழுவதும் கட்டாமல், வட்டாரத்துத் தொழிலதிபர்கள் சேர்ந்தும் அரசு கைகொடுத்தும் ஏற்க வேண்டும் என்கிறேன். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் 1997இல் தங்களுக்கென்று ஒரு பின்னலாடைக் கல்லூரியை ஏற்படுத்திக்கொண்டது இந்த வழியில் வைத்த அடிதான்.

திருப்பூரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் அது. அந்த ஊரை வளர்த்தது எந்தக் கல்லூரியும் அல்ல. ஒரு பையன் கைமடியாக உள்ளே நுழைவான். தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக்கொடுப்பது, மடிப்பது, பிசிறு வெட்டுவது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் சும்மா இருக்கும்போது, கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பான். பிறகு ஓவர்லாக், பிறகு பேட்லாக், பிறகு கட்டிங், பிறகு கான்ட்ராக்டர், துணிச்சல் இருந்தால் நாலு மிஷின் போட்டுச் சொந்த யூனிட். ஒன்றரை ஷிப்ட் உழைப்பதற்கு அவனை இழுத்தது அந்த ஏணி. அடுத்த படி கண்ணுக்குத் தெரிந்தது, அதில் ஏறிப் போன ஆளும் கண்ணெதிரே இருந்தார். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஏணி இருக்கிறதா என்று அங்கேயே இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி என்ற சொல்லே கறைபட்ட கதையும் நம் பக்கத்திலேயே உண்டு. கோவை, திண்டுக்கல், ஈரோடு நூற்பாலைகள் சிலவற்றில், திருமணத்துக்குப் பணம் என்று ஆசை காட்டிக் கிராமத்துப் பெண்பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் அடைத்து, ‘பயிற்சியாளர்’ என்று பதிந்து, முழு வேலை வாங்கி, குறைந்த பணம் கொடுத்த முறைக்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்பிண்டில்களுக்கு நடுவே ஓடி அறுந்த நூலை ஒட்டும் வேலையைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். மூன்று வருடம் பயிற்சி என்றால் அது பயிற்சி இல்லை. எந்தத் திட்டத்திலும், ‘பயிலுபவர்’ என்று ஒருவரை எழுதும்போது, எத்தனை நாளைக்கு, அதற்கப்புறம் என்ன கூலி என்ற இரண்டையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள் என்று பெற்றோர்களிடம் நான் சொல்லிவருகிறேன்.

இப்போது அரசுத் திட்டத்துக்கு வருகிறேன். ‘சமர்த்’ என்ற ஜவுளித் திறன் பயிற்சித் திட்டத்துக்கு மத்திய அரசு 2017 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 1300 கோடி ரூபாய், 10 லட்சம் பேர் இலக்கு. வருகையைக் கைரேகையால் பதிவு செய்வது, பயிற்சி முடித்த பெரும்பாலோருக்கு வேலை கிடைத்ததா என்று பார்ப்பது என முந்தைய திட்டங்களைவிடக் கட்டுப்பாடு அதிகம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான் நேரில் பார்த்த ஒரு பயிற்சிக் கூடத்தைச் சொல்கிறேன், எந்த இடம் என்பது வேண்டாம். தையல் மிஷின் வரிசை பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் நேர்க்கோட்டில், வட்டத்தில், சதுரத்தில் காகிதத்தின்மேல் தைத்துப் பழகினார்கள். சான்றிதழ் வாங்கினார்கள், போட்டோ எடுத்தோம். பாடம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். மறு ஆண்டு அந்தப் பக்கம் போனபோது அவர்களில் ஒருத்தியைத் துணிக்கடை வாசலில் பார்த்தேன். “கம்பெனியில என்னம்மா ஆச்சு?” என்று கேட்டேன். “போனேன் சாரே. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக கையில ஒண்ணும் நிக்கல. இங்க நிழல்ல நிக்கறேன், அதே சம்பளம்” என்றாள். நான் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்ததில் தையல் இருந்தது, அந்தப் பெண்ணின் பஸ் டிக்கெட் இல்லை. வீட்டுக்கு வந்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேரளத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடினமானது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 விவரப்படி, கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் ஒரு நாள் சராசரிக் கூலி இங்கே 850 ரூபாய்க்கு மேல். நாட்டுச் சராசரி 400 ரூபாயைத் தொடவில்லை. ஒரு நாள் சிமென்ட் சுமந்தால் கிடைக்கும் பணம், ஒரு நாள் கசவு நெய்தால் கிடைக்காது என்ற நிலையில், எந்தத் தகப்பன் மகனைக் குழித்தறியில் உட்கார வைப்பான்? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகத் தெரியவந்தது. கைத்தறித் தொழிலாளர்கள் 1995-96இல் 65 லட்சம் பேர். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் 35 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் திறன் குறைந்து வெளியேறவில்லை. திறன் இருந்தும் எழுந்து போனார்கள். ‘திறன் பற்றாக்குறை’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கூலிப் பற்றாக்குறைதான். இதை ஒப்புக்கொள்ளாமல் எத்தனை பயிற்சி மையம் திறந்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆலைகளிலும் இதே நிலைதான். திருவனந்தபுரம் திருமலையில் இருக்கிற விஜயமோகினி மில், தேசிய ஜவுளிக் கழகத்தின் மற்ற ஆலைகளோடு சேர்ந்து, 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் நின்றது. பாலராமபுரத்திலேயே திருவனந்தபுரம் நூற்பாலை அதற்கு முன்பே மூடியதைப் பார்த்தோம். நூற்பாலையில் ஒரு ஃபிட்டர் ரிங் ஃபிரேமின் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். அந்தக் காதைப் பழக்கப் பத்து வருடம் ஆகும். ஆலை நின்ற மறுநாளிலிருந்து அந்தக் காதுக்கு வேலை இல்லை. மிஷினை எண்ணெய் போட்டு வைக்கலாம். ஆளை அப்படி வைக்க முடியாது. மூடிக் கிடக்கும் ஆலையைத் திறப்பது பற்றி எப்போதாவது பேச்சு வந்தால், கட்டடத்தையும் இயந்திரத்தையும் மதிப்பிடுவதற்கு முன்னால் இந்த மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம்பிக்கை தந்த ஒன்றையும் சொல்கிறேன். கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கைத்தறிச் சீருடை கொடுக்கத் தொடங்கியது, 2017இல். ஹான்டெக்ஸும் மாநிலக் கைத்தறி வளர்ச்சிக் கழகமான ஹான்வீவும் நூல் கொடுத்து, மீட்டருக்கு இன்ன கூலி என்று வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. விட்டுப் போனவர்கள் சிலர் தறிக்குத் திரும்பி வந்தார்கள். புதிதாகப் பழக வந்தவர்களும் உண்டு. யாரும் பிரசாரம் செய்து அழைக்கவில்லை. நெய்தால் வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் வந்தார்கள். மன்னர் காலத்தில் துணி வாங்கிய அரண்மனையின் இடத்தில் இப்போது பள்ளிக்கூடம் நிற்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பக்கத்து ஊர்க்காரர் நெய்த சட்டையைப் போட்டுக்கொள்கிறது.

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலங்கள் வந்தன. திரும்பி வந்தவர் மறுபடி எழுந்து போனால் மூன்றாவது முறை வரமாட்டார். இன்னொன்று, சீருடைத் துணி சாதாரண நூலில் நெய்கிற கெட்டித் துணி. அதையே நெய்துகொண்டிருக்கும் கை, நூறாம் நம்பர் நூலின் மென்மையை மெல்ல மறந்துவிடும். வயிற்றுக்குச் சீருடை, பெயருக்குக் கசவு என்று பிரிந்துபோகாமல், சீருடையில் கை பழகியவர் அடுத்து மெல்லிய வேட்டிக்கும், அதற்கடுத்துக் கசவுச் சேலைக்கும், மெல்லிய கரை போட்ட புளியிலைக்கரைத் துணிக்கும் ஏறிப் போக ஒரு வரிசை வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மீட்டருக்கு இவ்வளவு கூடுதல் என்று எழுதி ஒட்ட வேண்டும். திருப்பூர்க் கைமடிப் பையனுக்குத் தெரிந்த ஏணி பாலராமபுரத்துப் பெண்ணுக்கும் தெரிய வேண்டும்.

கற்பிப்பவருக்குக் கூலி என்பதும் இதில் வருகிறது. பாலராமபுரத்தில் ஒரு மூத்த நெசவாளரிடம், அவர் வயது எழுபதுக்கு மேல், பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன், “பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே” என்றேன். அவர் கோபப்படவில்லை. “சொல்லிக்கொடுக்கிற அன்றைக்கு என் தறி நிற்கும். அவள் அறுத்த இழையை ஒட்டுறதுக்கே எனக்கு ஒரு நாள் போகும். அந்த நாள் கூலியை நீ தருவியா?” என்று கேட்டார். எவ்வளவு நேரான கேள்வி! பயிற்சி மையத்துக்கு வாடகை கொடுக்கிறோம், கணினி வாங்குகிறோம், மேற்பார்வையாளருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். எல்லாம் தெரிந்த மனிதர் தன் தறியை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்தால், அந்த நாளுக்கான நெசவுக் கூலியையும் அதற்கு மேல் ஆசிரியர் கூலியையும் கொடுக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. பயில வருகிற பெண்ணுக்கும் முதல் நாளிலிருந்தே கையில் பணம் போக வேண்டும். அந்தப் பெரியப்பாவே சொன்னார், “ஆறு மாசத்துல கை பழகிடும். கண்ணு பழக மூணு வருஷம் ஆகும்.” மூன்று வருடம் பட்டினி கிடந்து யாரும் கண்ணைப் பழக்க மாட்டார்கள்.

இங்கே மேனங்குளம் ஆடைப் பூங்காவில் தைக்கிற பிள்ளைகளையும், பாலராமபுரத்தில் நெய்கிறவர்களையும் இரண்டு வேறு உலகம் என்று வைத்துப் பேசுவது நமக்குப் பழகிப்போயிற்று. ஆனால் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நூலும் நெசவும் தையலும் வடிவமைப்பும் இருக்கின்றன. சேலத்தில் 1960 முதல் இருக்கிற கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்திலும், கண்ணூரில் இருக்கும் நிறுவனத்திலும் மூன்று வருட டிப்ளமோ படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈரோட்டு விசைத்தறியில் வந்த ‘கேரளச் சேலை’ கால் விலைக்குப் பக்கத்துக் கடையில் தொங்கும்போது, குழித்தறித் துணியின் வித்தியாசத்தை வாங்குபவருக்குக் காட்டிச் சொல்லவும் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். விற்பவரின் திறனும் நெசவின் திறன்தான். போன ஓணத்துக்கு நான் ஒரு கடையில் “இது கையால் நெய்ததா?” என்று கேட்டபோது, விற்ற தம்பி துணியைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாலராமபுரத்தில் நாளைக் காலை பாவு விரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மழை வராமல் இருக்க வேண்டும். தம்பானூரிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் முதல் பேருந்தில் ஏறினால் போதும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். பாவின் ஓரமாக நின்று பாருங்கள், ஆனால் அதன் குறுக்கே மட்டும் நடந்துவிடாதீர்கள். அறுந்த இழை கண்ணில் பட்டால் கை காட்டுங்கள், ஒட்டுவதற்கு அங்கே ஆள் இருப்பார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு என்ன கிடைக்கிறது என்றும் கேளுங்கள். அவர் சொல்லுகிற தொகையை எனக்கு ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள், நான் சேர்த்து வைக்கிறேன்.